நந்தகிரிக்கு ஐம்பத்தோரு ஒத்திகை

கரடி சென்னியப்பனின் தோளைக் கவ்வித் தூக்கி உதறியபோது செங்கோடன் வெளிச்சத்தின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் குறைவு. வெள்ளைப் பட்டை உரியும் பூர்ஜ மரங்களின் மஞ்சள் இலைகளுக்குள் புகுந்து வரவேண்டிய காலை வெயில் இன்னும் முகட்டைத் தாண்டவில்லை. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது, பச்சை மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல. "மாமா, ஓடீருங்க! ஓடீருங்க மாமா!" என்று சென்னியப்பன் அலறினான். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது. கரடி அவனைப் புரட்டிப் போட்டு வயிற்றில் வாயை வைத்தது.

"நிறுத்து. இன்னும் பத்து நிமிஷம் கழிச்சு ஆரம்பிச்சு மறுபடி ஓட்டு" என்றான் செங்கோடன்.

மலை அணைந்தது. கோயம்புத்தூர் ஒத்திகை நிலையத்தில், ஆள் நீளத்துக்கு இருந்த ஒத்திகைக்கூட்டுக்குள் அவன் மல்லாந்து கிடந்தான். அது அவனுடைய இருபத்திரண்டாவது ஒத்திகை. அவனுடைய மைத்துனன் சென்னியப்பன் அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து, பயணத்துக்கு எத்தனை ஜோடி கம்பளிக் காலுறை வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒத்திகை பார்க்காமல் அப்போதெல்லாம் யாரும் எங்கும் போவதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவனும் முந்தின நாள் கூட்டுக்குள் படுத்து, என்ன பேசினால் மாமனார் முகம் சுளிப்பார் என்று பார்த்துவிட்டுத்தான் போவான். நந்தகிரி தேசியப் பூங்காவுக்கோ அது சட்டமே. இமயத்தில் இலையுதிர்காலம் சுருங்கிச் சுருங்கிப் பதினோரு நாளுக்கு வந்துவிட்டது. அந்தப் பதினோரு நாளைக்கு உலகமே கேமராவைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது. இருவராகத்தான் போகவேண்டும். ஒவ்வொருவரும் தனியாக ஐம்பது ஒத்திகை, கடைசியில் இருவரும் சேர்ந்து ஒன்று. அந்த ஐம்பத்தோராவதைப் பார்த்துத்தான் பூங்கா அனுமதி தரும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இவர்களுக்கு மறுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

கூட்டுக்குள் இருக்கும் மலை நிஜ மலையின் அச்சு. ஒவ்வொரு மரமும் பாறையும் கரடியும் அளந்து வைக்கப்பட்டவை. கூட வருகிறவர் மட்டும் நிழலாள். ஒருவர் பேசியது, எழுதியது, சிரித்தது, பயந்து ஓடியது எல்லாவற்றையும் திரட்டி இயந்திரம் கட்டிய உருவம் அது. அவர் எந்தச் சமயத்தில் எப்படி நடப்பாரோ, நிழலாளும் அப்படியே நடக்கும். பெற்ற தாயே வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டாள்.

செங்கோடனுக்கு நாற்பத்தாறு வயது. கேட்டால் இயந்திரமே எந்தப் படத்தையும் வரைந்து கொடுக்கிற காலத்தில், மனிதன் நேரில் நின்று எடுத்ததற்கு முத்திரை பெற்ற நேர்ப்படத்துக்கு மட்டும்தான் மதிப்பு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் எடுத்த ஒரு நேர்ப்படம் ஊரெல்லாம் பேசப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. காட்டில் சந்திக்கிற இளவட்டங்கள், "அண்ணா, நீங்க இன்னும் எடுக்கறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். அந்த மரியாதை அவனைக் கொன்றது. இன்னும் ஒரு படம், ஒரே ஒரு படம் எடுத்துவிட்டால் போதும் என்று இருந்தான்.

சென்னியப்பன் படம் எடுக்கிறவன் அல்ல. அக்கா நாகவேணியைக் கட்டிய மாமன்மேல் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஒரு கிறுக்கு. மாமன் எங்கே போனாலும் லென்சுப் பையும் ஸ்டவ்வும் தூக்கிக்கொண்டு பின்னால் போவான். காட்டில் இருவருக்கும் ஒரே ஒரு விதி. ஒருவர் குரல் கொடுத்தால் மற்றவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. வால்பாறையில் ஒற்றை யானை ஒன்று செங்கோடனைத் துரத்தியபோது, வெறும் மூன்றுகால் தாங்கியைச் சுழற்றிக்கொண்டு சென்னியப்பன் குறுக்கே பாய்ந்தான். இரண்டு விலா எலும்பு போனது. "யானைக்கு நாலு கால், நம்மகிட்ட மூணுதானே, அதான் ஒரு கால் கம்மியாப் போச்சுங்க மாமா" என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே சிரித்தான்.

ஒத்திகையில் அவன் முதன்முதலாகச் செத்தது உண்மையிலேயே விபத்துதான். ஒன்பதாவது ஒத்திகை. பாறையில் செங்கோடனின் கால் வழுக்கியது. கீழே குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னால் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்த கருங்கரடி தலையைத் தூக்கியது. "மாப்ளே!" என்று கத்தினான். நிழலாள் சென்னியப்பன் ஓடிவந்தான், கரடி நிமிர்ந்து நின்று அவனை அறைந்தது. ஒரே அறையில் முகத்தின் பாதி போய்விட்டது. கூட்டைத் திறந்ததும் செங்கோடன் வாந்தி எடுத்தான். நிலையத்தின் பொறுப்பாளர் பெண் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது. நேராக மைத்துனன் வீட்டுக்குப் போய், அவன் இட்லி தின்பதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் பயம் என்றுதான் முதலில் நினைத்தான். வழுக்கி விழுந்து கிடந்தபோது அவன் விரல் தன் போக்கில் அழுத்தியிருந்த ஒரு படம்தான் காரணம். பொன்னாக எரியும் காடு, இரண்டு காலில் நிமிர்ந்த கரடி, அதை நோக்கித் திறந்த கைகளோடு ஓடும் ஒருவன். வாழ்நாளில் அவன் எடுத்த படங்களில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. ஒத்திகைப் படத்தை வெளியே கொண்டுவர முடியாது. ஆனால் மண்டைக்குள் இருப்பதை யார் பிடுங்க முடியும்?

பத்தாவது ஒத்திகையில் அவன் வழுக்கவில்லை. பத்திரமான மேட்டில் உட்கார்ந்துகொண்டு வெறுமனே கூப்பிட்டுப் பார்த்தான். சென்னியப்பன் வந்தான். பதினொன்றாவதிலும் வந்தான். மனிதன் ஓடிவராவிட்டால் கரடி நிமிராது, முதுகைக் காட்டிக்கொண்டு வேரைத் தோண்டும். அது நல்ல படமா? நூறு பேர் எடுத்த படம். ஆகவே கூப்பிட்டான். கழுத்தில் கடி பட்டால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, தொடையில் பட்டால் நேரம் கிடைக்கிறது என்று கற்றுக்கொண்டான். ரத்தம் மஞ்சள் இலையில் எந்தக் கோணத்தில் கறுப்பாகத் தெரியும், எந்தக் கோணத்தில் சிவப்பாகவே இருக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. 'நான் கரடியைத்தானே படிக்கிறேன். நிழலுக்கு வலிக்குமா?' என்று தனக்கே சொல்லிக்கொண்டான். நிஜப் பயணத்தில் கூப்பிடப் போவதில்லை என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ஒரே ஒரு கவலைதான் இருந்தது. அதைப் பொறுப்பாளரிடம் கேட்டான்.

"நான் உள்ளே எடுக்கற படத்தையெல்லாம் என்ற மச்சினன் பாக்க முடியுமாம்மா?"

"பாக்க முடியாதுங்க சார். உங்க ஒத்திகை உங்களுக்கு மட்டுந்தான். உங்க நிழலாள் மட்டும் தினமும் புதுசாகும். இன்னிக்கு வரைக்கும் நீங்க எப்படியோ, அவங்க கூட்டுல நாளைக்கு அப்படி இருக்கும்."

முதல் இரண்டு வாக்கியங்கள் காதில் விழுந்ததும் அவன் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டான். மூன்றாவதையும் நான்காவதையும் கேட்கிற பொறுமை அவனுக்கு இல்லை.

அடுத்த வாரம் சென்னியப்பனும் தன் ஒத்திகைகளைத் தொடங்கினான். மலையில் இலையுதிர்காலம் தொடங்கும் ஐப்பசி பிறக்க இருபது நாள் இருந்தது. செங்கோடன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நந்தகிரி வரைபடத்தை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிறவன். அன்றைக்கு இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தான்.

"ஏன்டா, தோள்ல என்ன?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. கூட்டுல படுத்தது." வரைபடத்தில் ஒரு மேட்டின்மேல் விரலை வைத்தான். "இந்தக் கரடி மேட்டுக்குப் போய்த்தான் ஆகோணுங்களா? கீழ ஏரிப்பக்கமும் மரமெல்லாம் மஞ்சளாத்தானுங்க இருக்குது."

"வெளிச்சம் அங்கதான்டா இருக்கு. ஏரியில எவன் வேணா எடுப்பான்."

"செரிங்க மாமா" என்றான் சென்னியப்பன். ஒவ்வொரு பயணத்துக்கும் கேட்கிறவன், டீத்தூள் எவ்வளவு எடுக்கலாம் என்று அன்று கேட்கவே இல்லை. அதைச் செங்கோடன் கவனிக்கவும் இல்லை.

ஐம்பதாவது ஒத்திகையை மட்டும் சுத்தமாக முடிக்க வேண்டும் என்று செங்கோடன் முடிவு செய்திருந்தான். கூப்பிடாமல், கரடி வேர் தோண்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது. மேட்டில் உட்கார்ந்தான். வெயில் முகட்டைத் தாண்டியது. கரடியின் காது மயிர் ஒவ்வொன்றும் தீப்பற்றியது போல ஒளிர்ந்தது. அவன் வாய் தானாகத் திறந்து "மாப்ளே!" என்றது. சென்னியப்பன் ஓடிவந்தான். கரடி அவனைத் தரையோடு அழுத்தி நகத்தால் வயிற்றைக் கிழித்தது. குடல் இலைகள்மேல் சரிந்தது. செங்கோடனின் கை நடுங்காமல் பதினேழு படங்கள் எடுத்தது.

கூட்டைத் திறந்தபோதுதான் அவனுக்கு உண்மையான பயம் வந்தது. கூப்பிடக்கூடாது என்று நினைத்தும் கூப்பிட்டுவிட்டானே! நிஜ மலையில் நிஜ வெயில் அடிக்கும்போது இந்த வாயை எதைப் போட்டு அடைப்பது? பயணமே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். படம் நாசமாய்ப் போகட்டும், எனக்குச் சென்னி போதும் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் மறுநாள் காலை சேர்ந்து பார்க்கவேண்டிய ஒத்திகைக்கு நேரம் குறித்தாகிவிட்டது. அது முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டான்.

ஐம்பத்தோராவதில் நிழலாள் கிடையாது. பக்கத்துப் பக்கத்துக் கூடுகளில் இருவரும் படுத்தார்கள். மலையில் நிஜ சென்னியப்பன் அவனுக்குப் பின்னால் பையோடு நடந்துவந்தான். செங்கோடன் கேமராவின் மூடியைத் திறக்கவே இல்லை. கரடி மேட்டை விட்டு விலகி, சரிவின் ஓரமாகவே போனான். பனியில் ஊறியிருந்த கல் காலடியில் பெயர்ந்தது.

இருபதடி உருண்டு போய் விழுந்தான். எழுவதற்குள் கரடி வந்துவிட்டது. அதன் மூச்சு ஊசிப்போன பழம் போல நாறியது. தொடையில் பல் இறங்கியது. கூட்டுக்குள் வலியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துத்தான் தருவார்கள். அந்த ஒரு பங்கிலேயே அவன் மூத்திரம் போய்விட்டான். கரடி காலை இழுத்துத் திருக, முழங்கால் எதிர்ப்பக்கம் மடங்கியது.

"மாப்ளே! மாப்ளே, வாடா! சென்னீ!"

சென்னியப்பன் மேலே நின்றுகொண்டிருந்தான். ஓடிவரவில்லை. பையைப் பொறுமையாகக் கீழே வைத்து, அதிலிருந்த உபரிக் கேமராவை எடுத்தான். கண்ணில் வைத்தான். பிறகு இறக்கிவிட்டு முகட்டைப் பார்த்தான். வெயில் வரட்டும் என்று காத்திருந்தான். கரடியின் நகம் செங்கோடனின் முகத்தில் விழுந்து கன்னத்தை உரித்துக்கொண்டு போகும்வரை அவன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

கூடுகள் திறந்தன. செங்கோடன் தன் காலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். சென்னியப்பன் எதிரே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஏன்டா வரல?" என்றான் செங்கோடன். குரல் குழந்தையின் குரல் மாதிரி வந்தது.

"முப்பது தடவை வந்தனுங்க மாமா."

செங்கோடன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ற கூட்டுல நீங்க கூப்புடுவீங்க, நான் ஓடியாருவேன், கரடி கிழிச்சுப் போடும். நெழலுதானேன்னு நிக்கலாம்னு பாத்தேன். கொரலு உங்க கொரலுங்க மாமா, காலு நிக்க மாட்டேங்குது. முப்பது தடவை செத்தேன். முப்பத்தோராவது தடவை பாதில கல்லு தடுக்கி விழுந்துட்டு, மேல பாத்தேன். உங்களுக்கு ஒண்ணுமே ஆகலீங்க. மேட்டு மேல சொகமா உக்காந்துட்டு, கேமராவக் கண்ணுல வெச்சுட்டுக் கூப்புட்டுட்டு இருந்தீங்க."

"அது நானில்லடா! அது நிழலாள், இயந்திரம் கட்டினது..."

"எதை வெச்சுங்க கட்டுச்சு?"

இறங்கி மைத்துனனின் காலைப் பிடித்துக்கொள்ளலாமா என்று செங்கோடனுக்குத் தோன்றியது. அதற்குள் பொறுப்பாளர் பெண் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"சார், சந்தோஷமான விஷயம்! உங்களுக்குக் கிடைச்சிருச்சு!"

அவள் கொடுத்த தாளைச் சென்னியப்பன் வாங்கினான். எழுத்துக்கூட்டுவது போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தான்.

"'முந்தைய இரண்டு விண்ணப்பங்களிலும், ஒருவர் ஆபத்தில் சிக்கினால் துணைவர் காப்பாற்ற விரைவது உறுதியாகத் தெரிந்தது. எதிர்பார்க்கப்பட்ட உயிரிழப்பு இரண்டு. ஆகவே மறுக்கப்பட்டன. இருவரின் நிழலாட்களையும் சேர்த்துப் பார்த்ததில், இப்போது அத்தகைய போக்கு இருவரிடமும் இல்லை. எதிர்பார்க்கப்படும் உயிரிழப்பு ஒன்றுக்கு மேல் போகாது. இது பூங்காவின் பாதுகாப்பு வரம்புக்குள் அடங்குகிறது. அனுமதி வழங்கப்படுகிறது. நந்தகிரி உங்களை அன்புடன் வரவேற்கிறது.'"

பெண் இருவருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனாள். சுவரில் பூங்காவின் விளம்பரப் படம் பெரிதாக மாட்டியிருந்தது, மஞ்சள் காடும் மேலே வெள்ளை முகடும்.

"வேண்டாம்டா" என்றான் செங்கோடன். "நேத்தே சொல்லணும்னு இருந்தேன். நாம போக வேண்டாம். அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு."

"கெடைக்காத அனுமதி கெடைச்சிருக்குது, போகாம இருப்பாங்களா?" சென்னியப்பன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் செங்கோடனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "இத்தனை வருசம் உங்க பையத் தூக்கீட்டே வந்துட்டேன். இந்தத் தடவை நானும் படமெடுக்கறேனுங்க மாமா. அந்தச் சரிவுல நின்னா, கீழ இருக்கறதுக்கு எந்த லென்சுங்க நல்லா இருக்கும்?"

செங்கோடன் வாயைத் திறந்தான். இருபது வருஷப் பழக்கம். தூரத்தையும் காலை வெளிச்சத்தையும் மனசுக்குள் கணக்கிட்டு, எந்த லென்சு என்று சரியான பதிலைச் சொல்லிவிட்டான்.