தம்பி வந்திருக்கிறான்!

போன் அலறியது!

அச்சக முதலாளி ரிசீவரை எடுத்தார். மறுமுனையில் அவர் மனைவி.

"என்னங்க... உடனே வீட்டுக்கு வாங்க! தம்பி வந்திருக்கான்!"

"எந்தத் தம்பி?"

"எனக்கு எத்தனை தம்பி இருக்காங்க? காணாமப் போன என் தம்பிங்க!"

அவர் கையிலிருந்த பேனா உருண்டு விழுந்தது.

"இருக்காதே..."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல... வரேன்!"

வீட்டில் கூட்டம். நாற்காலியில் ஒரு தாடிக்காரன். காலடியில் நசுங்கிய பெட்டி.

சலூன்காரர் அவன் தலையைத் தடவினார். "என் கத்திரி பழகின தலைய்யா இது! பாதிதான் மிச்சமிருக்கு!"

பக்கத்து வீட்டம்மா மூக்கைச் சிந்தினாள். "அதே முழி!"

காணாமல் போனவனுக்காக அழுது முடிக்கவும் முடியாது... காத்திருப்பதை நிறுத்தவும் முடியாது. இத்தனை வருடமும் யாராவது கதவைத் தட்டினால் அக்காவின் முகம் ஒரு கணம் மலரும். உடனே செத்துவிடும்.

"மாமா!"

தாடிக்காரன் ஓடிவந்து முதலாளியைக் கட்டிக்கொண்டான்.

"வெளியூர்ல பட்டது போதும் மாமா! இனிமே இந்த ஊர்தான். பழையபடி அச்சகத்துக்கே வந்துடறேன்!"

"வா... வா மச்சான்..."

"என்னங்க, இப்படி வேர்க்குது?"

"சந்தோஷம்டி!"

'இவன் அவனில்லை!' தொண்டை வரை வந்ததை விழுங்கினார். எப்படித் தெரியும் என்று கேட்பார்களே!

"மெஷினை ஓடவிட்டுட்டு வந்துட்டேன். நிறுத்திட்டு வரேன்!"

பாய்ந்தார்.

ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். முன்கதவைத் தாழிட்டார். பின்னாலிருந்த காகித அறைக்குள் நுழைந்து பண்டல்களைத் தள்ளினார். கடப்பாரையை ஓங்கினார்.

ணங்! ணங்!

சிமென்ட் தரை பெயர்ந்தது. மண்... மேலும் மண்... நீலச் சட்டைக் கிழிசல். வெளுத்த எலும்பு!

"இங்கேதானேடா இருக்கே? அப்போ அவன் யாரு?"

"நாடக நடிகர்!"

திரும்பினார்.

பின்கதவில் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் தாடிக்காரன். கையில் சாவியோடு... மனைவி!

"செத்தவன் திரும்பி வந்தா, கொன்னவன் மட்டும்தான் தோண்டிப் பாப்பான்." அவள் குரலில் ஈரமே இல்லை. "ஊர்ல எவனோ ஒருத்தன் ஓடுவான், அவன் பின்னாடி போகலாம்னுதான் இன்ஸ்பெக்டரை வரச் சொன்னேன். ஓடினது நீங்க!"

"உங்கப்பா அச்சகத்தை அவனுக்குக் கொடுத்தாரு. எனக்கு உன்னை மட்டும்தானே கொடுத்தாரு!" அவர் கத்தினார்.

அவள் குழியோரம் உட்கார்ந்து நீலத் துணியிலிருந்த மண்ணை விரலால் தட்டிவிட்டாள்.

"வாடா... வீட்டுக்குப் போகலாம்."

விலங்கு மாட்டப்பட்டது.

தாடிக்காரன் முதலாளியை ஏற இறங்கப் பார்த்தான்.

"எத்தனையோ மேடை ஏறியிருக்கேன். நான் நடிக்கறேன்னு முதல் பார்வையிலேயே கண்டுபிடிச்ச ஒரே ரசிகர் நீங்கதான் மாமா!"