பேர் கூப்பிடும் நேரம்

செபஸ்தியன் சுத்தியலால் இரண்டு தட்டுத்தான் தட்டினான். மூன்று கேட்டது.

மலையைப் பிளந்து தண்டவாளம் போட்டிருந்த அந்த வெட்டுக்குள் அவனைத் தவிர யாருமில்லை. மாத்தளைக்கு முதல் ரயில் வர இன்னும் ஐந்தே நாள்; தண்டவாளத்தை இறுக்கும் மர ஆப்புகளைப் பொழுது சாய்வதற்குள் தட்டிப் பார்த்துவிடச் சொல்லித் துரை அனுப்பியிருந்தார். இருபுறமும் செங்குத்தாக நின்ற செம்மண் சுவரில் மழைநீர் கசிய, பச்சை மண் வாசனையும் அறுபட்ட வேர்களின் கசப்பு வாடையும் மூக்கில் ஏற, அவன் குனிந்து அடுத்த ஆப்பைத் தட்டினான். டொக், டொக். சுவருக்குள்ளிருந்து இன்னொரு டொக்.

அவன் இரண்டு தட்டினால் எதிர்த் தண்டவாளத்தில் ஒன்று தட்டுவது அவன் கூட்டாளி பொன்னுத்துரையின் வழக்கம்.

இருபது நாளுக்கு முன்னால் இங்கேதான் மண் சரிந்தது. அன்று அந்தியில் கங்காணி இராமையா பேர் கூப்பிட்டபோது பொன்னுத்துரையைக் காணோம். சாராயக்கடைக்கு நழுவியிருப்பான் என்று செபஸ்தியன் நினைத்தான். நழுவியவனுக்குக் கூட்டாளி குரல் கொடுப்பது கூலிகளுக்குள் சகஜம். மழை இருட்டில் கங்காணி முகம் பார்ப்பதில்லை. "இருக்கேங்க" என்று செபஸ்தியனே குரலை மாற்றிச் சொன்னான். எல்லாப் பேருக்கும் ஆள் இருந்தது. அதனால் யாரும் மண்ணைத் தோண்டவில்லை. பாதையில் விழுந்ததை மட்டும் வாரிவிட்டு, மீதியை அடித்து இறுக்கிவிட்டார்கள்.

மறுநாள் பொன்னுத்துரையின் பெண்சாதி பரிமளம் வந்து நின்றாள்.

"அண்ணே, நேத்து பேர் கூப்பிட்டப்ப அவரு நின்னாரா?"

"நின்னான் தங்கச்சி. அப்புறம் எங்க போனான்னு தெரியல."

அவள் இன்னமும் தினம் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். செபஸ்தியனுக்குப் பற்றியே எரிந்தது. ஆனாலும் பயம், வாயைத் திறக்கவில்லை.

டொக். இப்போது அவன் தட்டவேயில்லை.

"சொல்லிடுறேன்டா பொன்னு" என்றான் சுவரைப் பார்த்து. "இன்னிக்கே பரிமளத்துக்கிட்ட சொல்லிடுறேன்."

தட்டல் நின்றது. மேலே ஒரு கல் உருண்டது. கொஞ்சம் மண். பிறகு சுவர் முழுவதும்.

கண் விழித்தான். இருட்டு. கை அசையவில்லை. வாய் நிறைய மண். வேரிடுக்கில் விரல் நுழையுமளவு ஓட்டை, அதில் மங்கிய வெளிச்சம். தூரத்தில் கங்காணியின் குரல்.

பேர் கூப்பிடுகிறார்.

கூப்பிடட்டும். தன் பேர் வரும். ஆளில்லை என்று தெரியும். தோண்டுவார்கள்.

"சிவஞானம்!"

"இருக்கேங்க."

"செபஸ்தியன்!"

பதிலில்லை. மழை மட்டும். சந்தோஷத்தில் அவனுக்கு அழுகை வந்தது.

"டேய், செபஸ்தியன்!"

அவன் காதோரம் மண் நகர்ந்தது. ஈரமாக ஒரு மூச்சு. ஒரு வாய் திறந்தது.

"இருக்கேங்க."

செபஸ்தியனின் குரலேதான். கணீரென்று, வெளியே வரைக்கும்.

கங்காணி அடுத்த பேரைக் கூப்பிட்டார்.