ஒரு தட்டு சாம்பல்

"வீல்ல்ல்...!"

பக்கத்து வீட்டு எனிஃபாவின் அலறலில் இடுகாட்டு மரங்களிலிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின.

தடாலாவின் கல்லறை பிளந்து கிடந்தது!

சிமென்ட் பலகை இரண்டு துண்டு. பெட்டி திறந்திருந்தது. உள்ளே ஒரு வாழைத்தண்டு... கிழிந்த பிளாஸ்டிக் சாக்கு.

எலும்பு? ஒன்றுகூட இல்லை!

மலாவியின் தெற்கே, மச்சிங்கா பக்கத்து ஊர். தோல் வெளுத்துப் பிறந்த பெண் தடாலா. பத்தொன்பது வயது. அப்படிப்பட்டவர்களின் எலும்பு அதிர்ஷ்டம் தரும் என்று விலை பேசுகிற கூட்டம் ஒன்று உண்டு. போன வருடம் பட்டப்பகலில் அவளை வெட்டிக் கொன்றான் ஒருவன். பாதையில் சைக்கிள் மணி கேட்கவே உடலை விட்டுவிட்டு ஓடினான். யாரென்று இன்றுவரை தெரியாது.

இன்று முதல் வருட நினைவுநாள்.

அவள் தண்ணீருக்குப் போனால் 'கோடி குவாச்சா பணம் போகுதுடோய்!' என்று கூவிய ஊர், சுத்தமாகக் குளித்து வந்திருந்தது. அந்தக் கூவலுக்குச் சிரித்தவர்களில் எனிஃபாவும் உண்டு. இப்போது சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

தடாலாவின் தாய் ஃபலேசி குழியை எட்டிப் பார்த்தாள். சந்தையில் தக்காளி பார்க்கிற முகம்.

"யாரும் கிட்டப் போகாதீங்க" என்றாள். அவ்வளவுதான்.

இவள் எப்பவுமே இப்படித்தான். ஒரு வருடமாகக் கட்டிலைச் சமையலறையில் போட்டுத் தூங்குகிறாள். ஏன் என்று எனிஃபா ஏழெட்டுத் தடவை வாயைக் கிளறியும் பதில் இல்லை.

"குழி வெட்டினவன் பவுலேனி! அவனுக்குத்தான் ஆழம் தெரியும்!" கூட்டத்தில் ஒரு குரல்.

"அவன் அப்பன் மொசாம்பிக்காரன்! மந்திரக்காரப் பசங்க!"

"புடிங்கடா அவனை!" கத்தியவர் நினைவுக் கமிட்டி சேர்மன் லாக்சன். ஃபலேசியின் அண்ணன். தடாலாவின் தாய்மாமன். கோட்டு, டை, கையில் 'வெறுப்பை வேரறுப்போம்' என்ற பேச்சுத் தாள்.

கற்கள் கைக்கு வந்துவிட்டன. பவுலேனி வாயே திறக்கவில்லை.

"சார்..." ஃபலேசி, பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் வைசனிடம் திரும்பினாள். "ஒரு நிமிஷம்."

அடுப்படியிலிருந்து கொண்டு வந்திருந்த தகரத் தட்டைத் தரையில் வைத்தாள்.

சாம்பல்!

"அந்தச் சாக்குல பூனைக்காலிச் சுணை ரொப்பியிருந்தேன் சார். கிழிச்சவன் உடம்பு நெருப்பா அரிக்கும். சாம்பல் தேய்ச்சாத்தான் அடங்கும்."

பவுலேனி இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான். சுத்தம்!

எனிஃபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. விடிந்ததிலிருந்து சேர்மன் கோட்டுக்குள் கைவிட்டபடியே இருந்தாரே... காலை ஜெபத்தின்போதுகூட!

"என்னண்ணே நெளியறீங்க?" என்று கேட்டே விட்டாள்.

"கோ... கோட்டு புதுசு... வேர்க்குரு..."

"ஜூன் குளிர்லயா?"

அவர் கழுத்து கொத்துக் கொத்தாகத் தடித்திருந்தது. பல்லைக் கடித்தார். காலை உதைத்தார். பேச்சுத் தாளாலேயே நெஞ்சைச் சொறிந்தார்.

அடுத்த நொடி... தட்டின் மேல் பாய்ந்தார்!

சாம்பலை அள்ளி அள்ளித் தேய்த்துக்கொண்டே தங்கையை முறைத்தார்.

"அப்போ எலும்பு எங்கடி?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே புரிந்தது.

"என் கட்டிலுக்குக் கீழ" என்றாள் ஃபலேசி. "பவுலேனிதான் ராவோட ராவா அவளை அங்க புதைச்சு, பெட்டியில வாழைத்தண்டை வச்சுக் கொடுத்தான். கல்லடி பட்டாலும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினான். கொன்னவன் வேலை பாதியில நின்னுச்சேண்ணே... மீதிக்கு வருவான்னு காத்திருந்தேன். நீ வருவேன்னுதான் நினைக்கல."

எனிஃபா கீழே பார்த்தாள். தன் கையிலும் ஒரு கல்! எப்போது எடுத்தாள்? மெல்லக் கீழே வைத்தாள்.

வைசன் விலங்கை எடுத்தார். "சேர்மன், பேச்சு பாக்கி இருக்கே?"

"ஸ்டேஷன்ல பேசட்டும் சார்" என்றாள் ஃபலேசி. "ஆனா கையைப் பின்னாடி வச்சுப் பூட்டுங்க... அரிக்கிறது முன்னாடி!"