லண்டனிலிருந்து வந்த தட்டு

பாட்டு முடிந்த பிறகும் இசைத்தட்டுக்குள் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கை கழுவப் போன அராபா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கிராமபோன் ஊசி கடைசி வரியைத் தாண்டி, பாட்டில்லாத வெறும் கறுப்பில் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரகரப்புக்கு அடியில் நெஞ்சுச் சளியோடு இழுத்து இழுத்து ஒரு மூச்சு. பிறகு ஒரு இருமல். தட்டு நின்றது.

கோல்டு கோஸ்ட் கடலோர ஊரான சால்ட்பாண்டில் அது ஹர்மட்டான் காற்று வீசும் மாதம். பாலைவனத்துப் புழுதி ஊரை மூடி, நடுப்பகலிலும் சூரியன் தேய்ந்த செப்புக்காசு போலத் தெரியும். உதடு வெடிக்கும், மரக்கதவு சுருங்கி முனகும். அந்த முனகலாக இருக்கும் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அவள் கணவன் குவாமெனாவும் அவன் சித்தி மகன் ஏகோவும் ஒரே கிட்டாரோடு லண்டனுக்குக் கப்பலேறினார்கள். கோல்டு கோஸ்ட் பாட்டைப் பிடித்துத் தட்டாக்கி இங்கேயே கொண்டுவந்து விற்கும் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. ஏகோ மட்டும் திரும்பினான். "வர்ற வழியில காய்ச்சல். என் மடியிலதான் உயிர் போச்சு. கடல்லயே இறக்கிட்டாங்க," என்று அவள் காலடியில் புரண்டு அழுதான். அவனைத் தேற்றியவளே அவள்தான். தலையை மழித்துக்கொண்டு, ஒரு வருடம் துக்கத் துணி சுற்றியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அதைக் களைய வேண்டும். பிறகு, குடும்ப வழக்கப்படி, இறந்தவனின் வாரிசு அவள் கையைப் பிடிப்பான். வாரிசு ஏகோ.

சென்ற வாரக் கப்பலில் தட்டுகள் வந்தன. முதல் தட்டை ஏகோவே கிராமபோனோடு தூக்கி வந்து அவள் அறையில் வைத்தான்.

அவள் சாவி கொடுத்து மறுபடி ஊசியை வைத்தாள். கிட்டார் துள்ளியது. குவாமெனா பாட, ஏகோ ஒத்துப் பாடினான். கடைசி வரி. கரகரப்பு. மூச்சு.

"அராபா."

குவாமெனாவின் குரல். அவள் கூம்புக் குழாயருகே காதைக் கொண்டுபோனாள்.

"குளிருது, அராபா."

மூன்றாம் முறை வைத்தபோது குரல் இன்னும் கிட்டத்தில் வந்தது. கூம்புக் குழாயின் வாயிலிருந்து ஈரக்கரி வாடை அடித்தது. "நிலக்கரி கொட்டுற அறை. வெளியில பூட்டிட்டுப் போயிட்டான். ஏகோ. ஏகோ, கதவத் திறடா..."

பாட்டுப் பதிந்த அன்று விளையாட்டாகச் சொன்னதாக இருக்கக்கூடாதா என்று மனசு கெஞ்சிப் பார்த்தது. ஆனால் அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. கடலில் இறக்கப்பட்டவனுக்குக் கதவு ஏது?

"பொண்டாட்டி! வீட்ல இருக்கியா?"

வெளியே ஏகோ. அண்ணன் மனைவியைத் தம்பி அப்படிக் கேலியாகக் கூப்பிடுவது ஊர் வழக்கம்தான். ஒரு மாதமாக அவன் சொல்வதில் கேலி மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கான வெள்ளைத் துணியோடு உள்ளே வந்தான். "தொட்டுப் பாரு. சந்தையில இதுக்கு மேல துணி இல்ல."

"உக்காரு ஏகோ. பாட்டு கேப்போம்."

"இந்தப் பாட்டா? காது புளிச்சுப்போச்சு எனக்கு."

"கடைசி வரைக்கும் கேட்டிருக்கியா?"

அவன் சிரித்தபடி உட்கார்ந்து, முழங்காலில் தாளம் போட்டான். கடைசி வரி வந்தது. ஊசியை எடுக்க நீட்டிய அவன் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

இருமல். பெயர். பூட்டு.

ஏகோவின் முகம் சாம்பலானது. "அவன அந்த இருமலோட பாத்தா ரெண்டு பேரையுமே கப்பல்ல ஏத்த மாட்டாங்க. நாங்க தங்கியிருந்த வீட்டுக்காரிக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் கீழ கரி அறையில படுக்க வெச்சேன். கப்பல் விடியக்காலையில, அராபா. நான் என்ன பண்ணட்டும்?"

"பூட்டும்போது உயிர் இருந்துச்சா?"

அவன் வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருந்துச்சா?"

"என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான்."

அவள் எழுந்தாள். வெளியே வந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். ஒரு வருடம் இவன் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறாள்.

"அடியே, விளையாடாத." கதவு அதிர்ந்தது. "அராபா! திற! பெரியவங்ககிட்ட வந்து சொல்லிடறேன்..."

பேச்சு பாதியில் நின்றது.

உள்ளே கிராமபோனுக்குச் சாவி கொடுக்கும் சத்தம். மெதுவாக. ஒவ்வொரு பல்லாக. நடுவில் நின்று, இருமிவிட்டு, மீண்டும்.

"நீ எப்படி..." ஏகோவின் குரல். குழந்தைக் குரல் போல.

பாட்டு தொடங்கியது.

தாழ்ப்பாள் சில்லிட்டது. அந்தப் புழுதி வெயிலில் இரும்பு ஐஸாகி அவள் விரல்தோல் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தாள். ரத்தம்.

பாட்டு முடிந்தது. கரகரப்பு.

"அராபா. கதவத் திற."

ஏகோதான். ஆனால் குரல் கதவோரம் நிற்கும் ஆளிடமிருந்து வரவில்லை. மெலிந்து, தகரத்தில் கீறினாற்போல், கூம்புக்குள்ளிருந்து வந்தது.

"அராபா. கதவத் திற. அராபா. கதவத் திற."

திறந்தாள்.

அறையில் யாருமில்லை. ஜன்னல் கம்பிகள் அப்படியே. வெள்ளைத் துணி தரையில். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

தரையில் காலடித் தடங்கள். ஈரம். நிலக்கரிக் கறுப்பு. கிராமபோன் மேசையிலிருந்து புறப்பட்டு, வாசல் தாண்டி, அவள் நின்ற இடத்தை உரசி, வெளியே போயிருந்தன. அவளைத் தாண்டி யாரும் போகவில்லை.

திரும்பினாள்.

முற்றத்தில், மக்காச்சோளக் கென்கிப் பானை கொதித்துக்கொண்டிருந்த அடுப்பின் முன்னால், கனமான கம்பளிக் கோட்டு ஒன்று அவளுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்தது. அதே இருமலில் தோள்கள் குலுங்கின. இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை நெருப்புக்குள் இருந்தன.

கைகள் பின்வாங்கவில்லை. நெருப்புதான் அணைந்துகொண்டிருந்தது.