கோரைப்பள்ளத்துத் தொண்டி

பாரஸ்ட் கார்டு மாதேஸ்வரன் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்தது வெள்ளைக்காரன் காலத்தில், ஓர் ஐப்பசி மாதம். புளியஞ்சோலையிலிருந்து மூட்டைமுடிச்சுகளோடு ஏறி, அவனும் மனைவி குப்பாயியும் குண்டூர் நாட்டுப் பக்கம் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவர்கள் குடியிருக்க ஓட்டு வீடு ஒன்று இருந்தது. வீட்டுக்குக் கீழே, இரண்டு கரடுகளுக்கு நடுவில், ஆள் உயரத்துக்குக் கோரை மண்டிய சதுப்பு. ஊரார் அதைக் கோரைப்பள்ளம் என்பார்கள். சர்க்கார் அதை ரிசர்வ் ஆக்கி, சுற்றிலும் கல் நட்டு, துரைமார்கள் பூட்ஸ் நனையாமல் நடந்து பறவை பார்க்க நடுவில் ஒரு பாதையும் போட்டிருந்தது. சேற்றின்மேல் மரக்கட்டைகளை அடுக்கி மண் கொட்டிய பாதை. மலையைவிட்டு இறங்கவும் அதில்தான் போயாக வேண்டும்.

பாதையைச் சுத்தமாக வைத்திருப்பதும், கோரையில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வதும் அவன் வேலை. பறவைகளுக்கு இடைஞ்சல் கூடாதாம். அந்தக் கோரையை அறுத்துப் பாய் முடைந்து கஞ்சி குடித்தவர்கள் இனி எதைக் குடிப்பார்கள் என்று எந்தத் துரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஒருவன் வாசலில் வந்து நின்றான். பெயர் சென்றாயன், மேட்டில் கேழ்வரகு போடுகிறவன். மழித்த தலையில் இன்னும் முடி முளைக்கவில்லை.

"ஏனுங்க, எங்கம்மா அருவா இங்க இருக்குதுங்க. அதை வாங்கிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

அவன் அம்மா அத்தாயி. கோரை அறுத்தாள் என்று முன்பிருந்த கார்டு கேஸ் எழுதி, அவள் அரிவாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். அவளும் விடவில்லை. அரிவாள் இல்லாமலே உள்ளே போய்க் கையால் பிடுங்கியிருக்கிறாள். பாதையிலிருந்து சறுக்கிச் சேற்றில் அமிழ்ந்து செத்துப்போனாள். வெளியே எடுத்தபோது இரண்டு உள்ளங்கைகளும் கோரை கிழித்துத் தாறுமாறாக இருந்தனவாம். போன வாரம்தான் கரட்டில் புதைத்தார்கள்.

"அடக்கந்தான் ஆயிப்போச்சே. இப்ப அருவா எதுக்கு?" என்றான் மாதேஸ்வரன்.

"பாதிதானுங்க ஆயிருக்குது. எங்க வழக்கத்துல, செத்தவங்க பொழங்குன ஆயுதத்தைக் கல்லுல அடிச்சு மொன்னையாக்கிக் கூடவே பொதைக்கோணுமுங்க. வேலை முடிஞ்சுபோச்சுன்னு அவங்களுக்குத் தெரியோணுமில்லீங்களா."

அரிவாள் சுவரில், ஆணியில் தொங்கியது. கோர்ட்டில் காட்ட வேண்டிய தொண்டிப் பொருள். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் ரேஞ்சர் தோலை உரித்துவிடுவார்.

"குடுக்க முடியாதுப்பா. என் வேலை போயிரும்."

"யாரு மேல கேஸோ அவங்களே போய்ச் சேந்துட்டாங்களேங்க."

"கேஸ் இன்னும் முடியலையே."

மாதேஸ்வரன் கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். சென்றாயன் அரிவாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படின்னா அதைக் கூரா மட்டும் வெச்சிருக்காதீங்க, சாமி."

சொல்லிவிட்டு மேடேறிப் போய்விட்டான். மாதேஸ்வரன் அரிவாளைக் கையில் எடுத்துப் பார்த்தான். விளிம்பில் துரு. தொண்டியைத் துருப்பிடிக்க விட்டால் அதற்கும் ஒரு கேள்வி வரும். கருங்கல்லில் பளபளவென்று தீட்டி, விளக்கெண்ணெய் பூசி, திரும்ப ஆணியில் மாட்டினான்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

பகலில்தான் கேட்கும். பனிமூட்டம் பள்ளத்தில் இறங்கியதும் தவளைச் சத்தம் நின்றுபோகும். எங்கோ உள்ளே ஒருவர் பல்லைக் கடித்து இழுக்க, கோரை வேரோடு சேற்றைவிட்டு வருகிற சத்தம். பொளக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி பொளக். புரட்டிப்போட்ட சேற்றின் நாற்றம் வீடு வரைக்கும் ஏறி வரும். மாதேஸ்வரன் தடியை எடுத்துக்கொண்டு ஓடிப் பார்ப்பான். பாதையின் குறுக்கே பிடுங்கிப்போட்ட கோரை கிடக்கும், அதன் தாளில் ரத்தம் ஒட்டியிருக்கும். ஆள் தடம் மட்டும் இருக்காது. ஊர்க்காரர்கள் தன்னைப் பயமுறுத்தி விரட்டப் பார்க்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் தள்ளிவிடுவான்.

ஒரு நாள் அந்தக் கோரை வீட்டு வாசலில் கிடந்தது.

அன்றைக்கே குப்பாயிக்குக் காய்ச்சல் கண்டது. மலைக்காய்ச்சல். முதலில் நடுக்கம், பிறகு அனல். கஷாயமெல்லாம் கொடுத்துப் பார்த்தும் மூன்றாம் நாள் அவளுக்குப் புருஷன் முகமே அடையாளம் தெரியவில்லை. துறையூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பாள், இல்லாவிட்டால் இல்லை. மாதேஸ்வரன் சென்றாயன் வீட்டுக்கு ஓடினான். அவன் வளப்பூர் நாட்டில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தான். டோலி தூக்க மற்றவர்களைக் கெஞ்சினான்.

"ஆளு வேணும்னா எங்க வேணும்னாலும் வாரோமுங்க. அந்தப் பாதைக்கு மட்டும் கூப்புடாதீங்க" என்றார் அண்ணாமலை என்கிற பெரியவர். மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

அவனுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீட்டுக்கு வந்து குப்பாயியை முதுகில் ஏற்றி, அவள் புடவையாலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டான். கிளம்பும்போது கண் ஆணியில் போய் நின்றது. எதற்காக இத்தனையும்? ஒரு அரிவாளுக்காகத்தானே? ரேஞ்சராவது கோர்ட்டாவது, அத்தாயி பொருளை அத்தாயியிடமே கொடுத்துத் தொலைத்துவிடலாம். சென்றாயன் சொன்னதில் அவனுக்குப் பாதிதான் ஞாபகம் இருந்தது. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டான்.

உச்சி வெயில் நேரம்தான். ஆனால் பாதையில் கால் வைத்ததும் பனி கூடவே இறங்கியது. இரண்டு பக்கமும் கோரை சுவராக நின்றது. அடியில் கட்டைகள் நெகிழ்ந்து கொடுத்தன. குப்பாயியின் மூச்சு அவன் பிடரியில் நெருப்பாகச் சுட்டது.

பொளக்.

இடது பக்கம். அவன் நிற்கவில்லை.

பொளக். இப்போது வலது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

"ஏனுங்க," என்றாள் குப்பாயி, காய்ச்சல் குரலில். "அந்தம்மா கையெல்லாம் ரத்தமுங்க."

"கண்ணை மூடிக்க, புள்ள."

"நம்மகூடவே வாராங்க."

அவன் பார்க்கவில்லை. பார்த்தால் கால் வராது என்று தெரிந்திருந்தது. நடுப்பாதையில் ஏதோ ஒன்று அவன் கணுக்காலைச் சுற்றிப் பிடித்தது. கோரையாகவும் இருக்கலாம். ஆனால் கோரை அப்படி வெதுவெதுப்பாக இருக்காது. அது சேற்றுப் பக்கமாக இழுத்தது. ஒரு முழங்கால் மடங்கி விழுந்தவன் இடுப்பிலிருந்து அரிவாளை உருவினான்.

"அம்மா, உன்னுது. இந்தா, வாங்கிக்க. எங்களை விட்டுரு."

பலம்கொண்ட மட்டும் கோரைக்குள் வீசினான்.

அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கணுக்காலில் இருந்த பிடி விட்டது. பிடுங்குகிற சத்தமும் நின்றது. மாதேஸ்வரனுக்கு உடம்பெல்லாம் லேசானதுபோல் இருந்தது, சிரிப்புகூட வந்தது. இவ்வளவுதானா, இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு எட்டி நடந்தான். பாதையின் முடிவில் உலர்ந்த மேடு மங்கலாகத் தெரிந்தது.

சரக்.

பின்னால். ஒரே வீச்சில், சுத்தமாக.

சரக். சரக். சரக்.

கோரை சாய்கிற ஓசை பாதையோடு ஓடி வந்தது. கை கிழிய இத்தனை நாள் பிடுங்கியவள் இப்போது அரிவாளோடு வருகிறாள்.

"என்னைத் தலையப் புடிச்சு இழுக்கறாங்க," என்றாள் குப்பாயி.

அவன் ஓடினான். எப்படி ஓடினான், எங்கே விழுந்தான், புளியஞ்சோலைக்கு எப்படி இறங்கினான் என்று பிறகு அவனால் சொல்ல முடியவில்லை. ஓடைக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் முடிச்சை அவிழ்த்து அவளை இறக்கிக் கிடத்தினார்கள். அவளுக்கு உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடிதான் பாதி முதுகோடு நின்றிருந்தது, கோரைத் தாளை அறுத்ததுபோல் நேராக.

துறையூர் ஆஸ்பத்திரியில் நாலு நாளில் காய்ச்சல் விட்டது. கொய்னா மருந்து நன்றாகக் கேட்டது என்று டாக்டர் சொன்னார். குப்பாயி எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டாள். மாதேஸ்வரனுக்குத்தான் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அவள் முடி தினமும் குறைந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்தினான், பின்னலைத் தன் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினான். விடிந்தால் கையில் அறுந்த பின்னல் இருந்தது.

சொல்லி அனுப்பியதும் சென்றாயன் இறங்கி வந்தான். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அருவா எங்கீங்க?"

"அவங்ககிட்டயே குடுத்துட்டேன்."

சென்றாயன் அவன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"மொன்னையாக்கித்தானுங்களே குடுத்தீங்க?"

மாதேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தீட்டியா வெச்சிருந்தீங்க?"

சென்றாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை.

"எங்கம்மா ஒரு வேலையில எறங்குனா, அடிக்கட்டை வரைக்கும் அறுக்காம உடமாட்டாங்க," என்று மெல்லச் சொன்னான். பிறகு திரும்பிப் பார்க்காமல் மலைப் பக்கம் நடந்தான்.

மாதேஸ்வரன் வார்டுக்குள் ஓடினான். நல்ல பகல் வெளிச்சம். நர்சு மருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலில் குப்பாயி குனிந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் தோள்வரை இருந்த முடி இப்போது காதுக்கு மேல் ஏறியிருந்தது. வெளுத்த பிடரி முழுசாகத் தெரிந்தது. அவளைச் சுற்றிச் சேற்று நாற்றம் அடித்தது.

"ஏனுங்க, இங்க என்னன்னு பாருங்க," என்று அவள் பின்கழுத்தைத் தடவிக் காட்டினாள். "எரியுதுங்க."

ஒரு காதடியிலிருந்து மறு காதடி வரைக்கும், நூல் கனத்தில், சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது.