இறக்கத்தில் ஒரு முட்டுக்கல்

செல்வகுமார் ஓடினான்.

அவனுக்கு முன்னால் அவனுடைய குட்டி யானை லோடு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முழு லோடு. பின்னால் அடுக்கிய டைல்ஸ் பெட்டிகள் கடகடவென்று ஆடின.

உள்ளே டிரைவர் இல்லை!

திருவேற்காட்டில் ஏரிக்கரை மேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குச் சரியும் தெரு அது. மேலே டீக்கடை, லோடு வண்டி ஸ்டாண்டு. கீழே செங்கல்வராயனின் பெயின்ட் கடை. நடுவில் எண்பது அடி இறக்கம்.

"நவுரு... நவுரு..."

கத்தியபடியே பாய்ந்து பின் கதவைப் பிடித்தான். விரல் வழுக்கியது. முழங்காலில் விழுந்தான்.

கீழே, கடை வாசலில், நீல பிளாஸ்டிக் நாற்காலி. தினமும் காலை பத்து மணிக்கு அதில் செங்கல்வராயன் உட்காருவார். கையில் பேப்பர் விரிந்திருக்கும். காது கொஞ்சம் மந்தம்.

பேப்பரை இறக்கியிருந்தால் தப்பித்திருப்பார்.

இறக்கவில்லை.

டமார்!

நீல நாற்காலி நாலு துண்டானது. ஷட்டருக்கும் வண்டிக்கும் நடுவில் பேப்பர் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது...

அடுத்த நிமிஷமே செத்தவரின் மகன் விஷால் கடைக்குள்ளிருந்து வந்து செல்வகுமாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அடித்தான். ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொண்டார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏனென்றால் காலை ஒன்பது மணிக்கு நடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு நடந்தது இதுதான்.

பெயின்ட் கடை கேட்டை மறித்துக்கொண்டு வண்டியை நிறுத்திவிட்டு செல்வகுமார் இட்லி வாங்கப் போயிருந்தான். கேட்டில் 'நோ பார்க்கிங்' போர்டு கதவு அகலத்துக்குத் தொங்கியது. திரும்பி வந்தபோது செங்கல்வராயன் பின் டயர் பக்கத்தில் ஒரு ஆணியோடு குனிந்திருந்தார். அந்தத் தெருவில் அவர் காற்றைப் பிடுங்காத வண்டி இல்லை.

சண்டை மூண்டது. ஸ்டாண்டு டிரைவர்கள் கூடினார்கள். அவர்களில் மூத்தவன் தினகரன். ஸ்டாண்டுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. மனைவியை இழந்தவன், அதிகம் பேசாதவன். அவன்தான் நடுவில் புகுந்து இருவரையும் விலக்கினான்.

"பெருசு, இறக்கத்துல நிக்கற வண்டில காத்த புடுங்கினா இன்னாவும் தெரியுமா?" என்றான் செல்வகுமார்.

செங்கல்வராயன் சிரித்தார்.

"வண்டி நிறுத்தறத பத்தி எனக்கே கிளாஸ் எடுக்கறியா? முப்பது வருசம் தண்ணி லாரி ஓட்டினவன்டா நானு. மூணு வருசம் முன்னாடி, போகிக்கு மொத நாளு, டிரங்க் ரோட்டுல நடு பாலத்து இறக்கத்துல ஆக்சில் உட்டுப் போச்சு. பன்னெண்டாயிரம் லிட்டர் தண்ணி. நாலு பாறாங்கல்ல வெச்சி நிறுத்தினேன். ஒரு இஞ்ச் நவுரல. நீ இந்த டப்பாவ வெச்சிகினு..."

அந்தப் பெருமையைக் கேட்கப் பொறுக்காமலோ என்னவோ, விலக்கிக்கொண்டிருந்த தினகரன் கூட கையை எடுத்துவிட்டு மேலே நடந்துவிட்டான்.

விலக்க ஆளில்லாத தைரியத்தில் செல்வகுமார் வாயை விட்டான்.

"இன்னொரு தபா என் டயர்ல கை வெச்சி பாரு... உன் மேலயே வண்டிய பார்க் பண்ணிருவேன்."

சொல்லி ஒன்றே கால் மணி நேரத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டது வண்டி!

போலீஸ் ஸ்டேஷன்.

சப் இன்ஸ்பெக்டர் மதிவதனி பத்து வருஷம் போக்குவரத்துப் பிரிவில் வெயிலில் நின்றவள். அந்த வெயில் இன்னும் குரலில் இருந்தது.

"உக்காராத. நில்லு. வண்டிய எப்படி நிறுத்தின? ஒண்ணொண்ணா சொல்லு."

உதட்டில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு செல்வகுமார் சொன்னான். கேட்டு முன்னாலிருந்து எடுத்து, மேலே போய்த் திருப்பி, ஸ்டாண்டு வரிசையில் கீழ் பார்த்து நிறுத்தினான். இறக்கம் என்பதால் ரிவர்ஸ் கியர். ஹேண்ட் பிரேக். ஸ்டியரிங்கை முழுசாக இடது பக்கம் ஒடித்து வைத்தான், நழுவினாலும் நடைபாதையில் முட்டி நிற்கட்டும் என்று. கடைசியாக இறங்கி, இடது முன் டயருக்கு ஒரு கல் அண்டக் கொடுத்தான்.

"எந்தக் கல்லு?"

"மேட்டுல எப்பவும் கெடக்கும் மேடம். கறுப்பு வெள்ளை பெயின்ட் அடிச்ச தடுப்புக் கல்லு, ஒடஞ்ச துண்டு."

"சாவி?"

அவன் தயங்கினான்.

"வண்டிலயே... கண்ணாடி மேல சொருகி வெச்சேன். ஸ்டாண்டு வழக்கம் மேடம். யாருக்குனா வழி மறிச்சா மத்தவன் எடுத்து நவுத்துவான்."

மதிவதனி பேனாவைக் கீழே வைத்தாள்.

"ரொம்ப நல்லா நிறுத்தியிருக்க. லைசென்ஸ் பரிட்சைல முதல் மார்க் குடுக்கலாம். அதனாலதான்யா நீ மாட்டிக்கிட்ட."

"புரியல மேடம்."

"ஹேண்ட் பிரேக் போட மறந்தேன்னு எழுதிக் குடு. கவனக்குறைவு. லைசென்ஸ் போகும். ஜாமீன் கெடைக்கும். ஆனா நீ சொல்ற மாதிரி எல்லாம் பண்ணியிருந்தா அந்த வண்டி தானா உருளாது. சாவி போட்டு ஸ்டியரிங்க நேராக்கி, கியரை எடுத்து, பிரேக்க எறக்கி, கல்லையும் எடுத்திருக்கணும். அதுக்குப் பேரு கொலை. அந்தாளக் கொல்லுவேன்னு ஊரக் கூட்டிச் சொன்னவன் நீ ஒருத்தன்தான்."



ஒரு பக்கம் லைசென்ஸ். அது போனால் வண்டி போகும், பிழைப்பு போகும், வாழ்நாள் முழுக்க 'பிரேக் போடத் தெரியாதவன்' என்ற பட்டம். இன்னொரு பக்கம் ஆயுள் தண்டனை.

"நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். சீக்கிரம்" என்றாள்.

"மறந்தேன்னு எழுத மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"மறக்கல."

மதிவதனி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"திமிரு... சரி, அந்தக் கல்லக் காட்டு. கல்லு இல்லன்னா நீ சொன்னது மொத்தமும் பொய். ஜீவா, ஜீப்ப எடுங்க."

ஸ்டேஷன் வாசலில் தினகரன் நின்றிருந்தான். கையில் தண்ணீர் பாட்டில். ஸ்டாண்டிலிருந்து வந்த ஒரே ஆள் அவன்தான்.

"பிரேக் ஃபெயிலியர் மேடம்" என்றான் மெல்ல. "பழைய வண்டி. யார் மேலயும் தப்பு இல்ல."

"என் பிரேக்குக்கு இன்னாடா கேடு?" செல்வகுமார் சீறினான். "போன வாரந்தானே லைனர் மாத்தினேன். நீதானே மாமே கூட வந்த?"

தினகரன் பாட்டிலை நீட்டினான்.

"நீயும் ஏறு" என்றாள் மதிவதனி.

ஏட்டு ஜீவா ஜீப்பை ஏரிக்கரை இறக்கத்தில், கீழ் பார்த்து நிறுத்தினார். ஜீப்பின் ஹேண்ட் பிரேக் மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை. கிடைத்த ஒரு கருங்கல்லை முன் டயருக்கு அண்டக் கொடுத்தார்.

கீழே பெயின்ட் கடை வாசலில் கூட்டம் கலையவில்லை. செல்வகுமாரைக் கண்டதும் விஷால் எழுந்தான். நாலு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாத்துக்கு மேடம் இவன இட்டுகினு வந்தீங்க? எங்ககிட்ட உட்டுப் போங்க. நாங்க பாத்துக்கறோம்."

"பாத்துக்கிட்டா பக்கத்து செல் உனக்கு" என்றாள் மதிவதனி, திரும்பாமலே.

தேடினார்கள். மதிவதனி சாலையின் நடுவே. செல்வகுமார் அவள் பின்னால், விலங்கோடு. ஜீவா சாக்கடைப் பக்கம். கடைசியாக தினகரன். காலையில் அடிதடியில் சிதறிய அரைச் செங்கற்கள் வழியெல்லாம் கிடந்தன. தினகரன் குனிந்து குனிந்து அவற்றை எடுத்து ஓரமாய் வைத்தபடி வந்தான்.

வண்டி நின்றிருந்த இடத்தில் டயர் அழுத்திய தடம் இருந்தது.

கல் இல்லை.

செல்வகுமார் தடத்தின் பக்கத்தில் குந்தினான்.

"இங்கதான் மேடம் வெச்சேன். சாமி சத்தியமா."

"சாமிய நான் ரிமாண்ட் பண்ண முடியாது. உன்னத்தான் பண்ணணும்... கல்லு எங்க?"

மேலும் கீழும் பார்த்தான். எங்கே போயிருக்கும்? டயர் ஏறித் தாண்டியிருந்தால் தெருவில் உருண்டு கிடக்க வேண்டும். எட்டி உதைத்திருந்தாலும் நடு ரோட்டில்தான் கிடக்க வேண்டும்.

"மேடம்..." ஜீவாவின் குரல்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம், காம்பவுண்டு சுவரை ஒட்டி, புல்லுக்குள் நின்றது அது. கறுப்பு வெள்ளைப் பெயின்ட். உருண்டு வந்த கல் அப்படி நிற்காது. யாரோ இரண்டு கையாலும் தூக்கி வந்து, நிமிர்த்தி, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

செல்வகுமாருக்கு உயிர் வந்தது.

"பாத்தீங்களா? நான் சொன்னேன் இல்ல?"

மதிவதனி கல்லைத் தொடவில்லை. கேட்டாள்.

"வண்டிய எடுக்கும்போது இந்தக் கல்ல என்னய்யா பண்ணுவ?"

"இன்னா பண்ணுவாங்க? டயர்லேர்ந்து தள்ளிவுட்டு பூடுவேன்."

"ஓரமா எடுத்து வைக்க மாட்ட?"

"யார் மேடம் அத்தெல்லாம் பண்ணுவா? லோடு லேட்டாவும். ஸ்டாண்டுல எல்லாரும் அப்டியே ரோட்டுல உட்டுட்டுத்தான் பூடுவோம். ஒருத்தன் கூட..."

நிறுத்தினான்.



ஒருத்தன் கூட இல்லை என்று சொல்ல முடியாது. ஒருத்தன் இருக்கிறான். யார் விட்டுப் போன கல்லையும் எடுத்து ஓரமாய் வைக்கிறவன். ஸ்டாண்டே கேலி செய்யும், 'கார்ப்பரேசன் வேலை கெடச்சிருச்சா மாமே' என்று. செல்வகுமாரே எத்தனை தடவை கேட்டிருக்கிறான்.

மெல்லத் திரும்பினான்.

தினகரனின் இரண்டு கைகளிலும் செங்கல் தூள்.

"இந்த இறக்கத்துல மட்டும் ஏழு கல்லு எடுத்து வெச்சிருக்க" என்றாள் மதிவதனி, அவனைப் பார்த்து. "எண்ணிக்கிட்டேதான் வந்தேன். கொலை பண்ணப் போற அவசரத்துல கூட, எவனாவது பைக்ல வந்து விழுந்துடக் கூடாதுன்னு கல்லத் தூக்கிட்டுப் போய் ஓரமா வெச்சிட்டு வந்திருக்க. அப்புறம்தான் பிரேக்க எறக்கியிருக்க. இல்லையா?"

தினகரன் மறுக்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"பிரேக் ஃபெயிலியர்னு முடிச்சிருவாங்கன்னு நெனச்சேன் மேடம். இவன் இப்டி கரெக்டா நிறுத்தினேன்னு அடம் புடிப்பான்னு தெரியாது."

செல்வகுமார் அவன் மேல் பாய்ந்தான். விலங்கு இழுத்தது.

"த்தூ... மாமே மாமேன்னு கூப்ட்டேனேடா. ஸ்டாண்டுல அஞ்சு வண்டி கீது. என் வண்டிதான் கெடச்சிதா உனக்கு?"

"உன்னுதுதான் அந்த நாற்காலிய பாத்துகினு நின்னுச்சு."

செல்வகுமார் ஓர் அடி பின்வாங்கினான்.

"அந்தாளு உனக்கு இன்னாடா பண்ணான்? உன் டயரக் கூட அவன் தொட்டதில்லையே..."

தினகரன் கீழே பார்த்தான். உடைந்த நீல நாற்காலி இன்னும் அங்கேயே கிடந்தது.

"இன்னிக்கு காலைல ஒம்போது மணி வரைக்கும் எனக்கும் தெரியாது, இன்னா பண்ணான்னு" என்றான். "நாலு பாறாங்கல்ல வெச்சி லாரிய நிறுத்தினேன்னான். வேலை முடிஞ்சதும் லாரி பூடுச்சு. கல்லு பூடல. மறுநா விடிகால, அதே பாலத்து இறக்கம், போகி பொக வேற. கண்ணு தெரியல. பைக்கு முன் சக்கரம் ஏறிச்சி... பின்னாடி எம் பொண்டாட்டி பத்மா இருந்தா."

ஜீவா தொப்பியைக் கழற்றினார்.

"எந்த வண்டின்னு தெரியலன்னு கேஸ மூடிட்டாங்க. மூணு வருசமா ஒவ்வொரு லாரிக்காரன் வாயையும் பாத்துகினு இருந்தேன். அவனே வந்து சிரிச்சிகினு சொல்றான், ஒரு இஞ்ச் நவுரலன்னு."

 விஷாலைப் பிடித்திருந்தவர்களின் கை தளர்ந்தது. விஷாலும் நகரவில்லை.

மதிவதனி செல்வகுமாரின் விலங்கைக் கழற்றி தினகரனுக்கு மாட்டினாள். இரக்கம் தெரியாத அதே குரலில் செல்வகுமாரிடம் சொன்னாள்.

"நீ சந்தோஷப்படாத. அடுத்தவன் கேட்ட மறிச்சதுக்கு ஒரு சலான். சாவிய வண்டியில வெச்சிட்டுப் போனதுக்குத் தனியா வெச்சிக்கறேன். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா."

தினகரனை ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீவா டயருக்கு முன்னால் இருந்த கருங்கல்லைக் காலால் தள்ளினார். அது உருண்டு நடு ரோட்டில் நின்றது. ஏறி உட்கார்ந்து ஜீப்பைக் கிளப்பினார்.

"சார்" என்றான் தினகரன். "கல்லு..."

"யோவ், கொலைகாரன் நீ எனக்குச் சொல்றியா?"

"கல்ல எடுத்து ஓரமா வெச்சிட்டு வா சார்."

ஜீவா மதிவதனியைப் பார்த்தார். மதிவதனி நடு ரோட்டில் கிடந்த கல்லைப் பார்த்தாள்.

"எறங்கி எடுத்து வைங்க ஜீவா. அடுத்த போகிக்கு இன்னொருத்தன் வந்து நம்ம ஜீப்ப உருட்டி விடுவான்!"