மஞ்சள் பிளக்

இளமாறனின் பிணம் கிடந்த அதே படகு!

நாலு நாள் கழித்து, டெக்ஸஸின் க்ளியர் லேக் ஏரிக்கரையில் கட்டிக் கிடந்தது. 1998. மண்டையைப் பிளக்கும் மதிய வெயில்.

அனந்தராமனுக்கு வெயிலை விட எரிச்சல் அதிகம். டிடெக்டிவ் கார்ட்டர், 'கவனக்குறைவால் விபத்து' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். அவனும் நண்பன் இளமாறனும் சேர்ந்து உருவாக்கிய மின்சாரப் படகு இனி அவனுக்கு மட்டும்தான்...

இளமாறனின் மனைவி ஹம்சா குறுக்கே நின்றாள்.

"இருபத்திநாலு பேட்டரி. இருநூத்தி எண்பத்தெட்டு வோல்ட்ஸ். நடுவுல இருக்கிற இந்த மஞ்சள் பிளக்கைப் பிடுங்கினா சர்க்யூட் கட். அதைப் பிடுங்கி தன் பாக்கெட்ல போட்டுக்காம அவர் ஒயர்ல கை வைக்கவே மாட்டார். வேற யாரும் எடுத்து மாட்டிடக் கூடாதுன்னு."

"அன்னிக்கு மறந்துட்டான். பிளக் சாக்கெட்லதானே இருந்துச்சு?"

"நீ மாட்டியிருப்ப."

"வாயை அளந்து பேசு."

கார்ட்டர் சூயிங்கம் மென்றபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனி ப்ராப்ளம்?"

"நோ சார். ஷி இஸ் அப்செட்."

கார்ட்டர் பேனாவைத் திறந்தார்.

அப்பாடா!

அனந்தராமனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் வெள்ளைக்காரன் இருந்தால் தமிழில் எதை வேண்டுமானாலும் பேசலாம்... கடையிலும் லிஃப்ட்டிலும் ஆபீஸிலும் அவனுக்கு அதுவே பழக்கம். முகத்தில் சிரிப்பு மாறாமல் சொன்னான்.

"ஆமா, நான்தான். சாக்கெட்டுக்குப் பின்னால ஒரு செப்புக் கம்பியை ஜாயின்ட் பண்ணி வெச்சேன். அவன் பிளக்கைப் பிடுங்கியும் கரண்ட் நிக்கலை. செத்ததும் கம்பியை ஏரியில வீசிட்டு, அவன் பாக்கெட்ல இருந்த பிளக்கை எடுத்து மாட்டினேன். போ, இந்தத் தடியன்கிட்ட சொல்லு. உனக்குப் பைத்தியம்னு எழுதுவான்."

ஹம்சா அழவில்லை.

கார்ட்டர் பேனாவை மூடினார். விலங்கை எடுத்தார்.

"கம்பியை எந்தப் பக்கம் வீசினீங்க, தம்பி?"

தமிழ்... சுத்தமான மதுரைத் தமிழ்!

அனந்தராமனின் முகம் வெளுத்தது.

"நீ... நீங்க..."

"எங்கப்பா மதுரையில மிஷன் டாக்டர். பதினெட்டு வயசு வரைக்கும் நான் அங்கதான். நாலு நாளா நீங்க என்னைத் திட்டுன திட்டெல்லாம் நோட் பண்ணி வெச்சிருக்கேன்... அதுக்குத் தனியா கேஸ் போட முடியாதுங்கறதுதான் வருத்தம்."